அழைப்புக்கு முன்பே தொடங்கும் பணி

பேரிடர் மீட்புத் துறையில் அடியெடுத்து வைக்கும் பிடோக் இளைஞருக்கு,

பெரும் நிலநடுக்கமும் புயலும் தாக்காத சிங்கப்பூர்த் தீவில் இப்பணியைக் கற்பவருக்குப் பேரிடர் என்பது அயல்நாட்டுச் செய்தி என்ற எண்ணம் எளிதில் படிந்துவிடும். ஆனால் பிடோக்கின் கடற்கரையே 1966இல் தொடங்கிய நிலமீட்புத் திட்டத்தில், குன்றுகளை வெட்டிக் கடலில் கொட்டிய மண்ணால் உருவானது. கடல்மட்ட உயர்விலிருந்து அதைக் காக்க, ஏறத்தாழ 800 ஹெக்டேரில் ‘லாங் ஐலண்ட்’ என்னும் நிலப்பரப்பை உருவாக்கும் திட்டம் 2023இல் அறிவிக்கப்பட்டது.

உலக வானிலை அமைப்பு 2021இல் வெளியிட்ட கணக்கின்படி, வானிலை சார்ந்த பேரிடர்கள் ஐம்பது ஆண்டுகளில் ஐந்து மடங்காகியுள்ளன. பதிவுமுறை மேம்பட்டதும் இதற்கு ஒரு காரணம். அதே காலத்தில் உயிரிழப்பு ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்காகக் குறைந்ததற்கு முன்னெச்சரிக்கை மேம்பட்டது ஒரு முதன்மைக் காரணம்.

எச்சரிக்கை இல்லாததன் விலையை 2004 டிசம்பர் 26 காட்டியது. சுமத்ரா அருகே எழுந்த ஆழிப்பேரலை நாகப்பட்டினத்தை அடைய இரண்டு மணி நேரத்துக்கு மேல் பிடித்தபோதிலும், இந்தியப் பெருங்கடலுக்கென எச்சரிக்கை அமைப்பு இல்லாததால், அந்த மாவட்டத்தில் மட்டும் ஆறாயிரத்துக்கும் மேற்பட்டோர் மாண்டனர். கடல் கொடுத்த அவகாசத்தை நாடுகளால் பயன்படுத்த முடியவில்லை. ஆகவே எல்லை தாண்டிய ஒத்துழைப்பின் முதல் பொருள் தகவல். மீட்புக்குழு அதற்குப் பின்னரே வருகிறது.

அக்குழுவும் தன் விருப்பப்படி செல்வதில்லை. 2009இல் நடைமுறைக்கு வந்த ஆசியான் பேரிடர் உடன்பாட்டின்படி, பாதிக்கப்பட்ட நாடு கேட்டால் அல்லது இசைந்தால் மட்டுமே வெளியுதவி நுழையலாம். மேலாண்மையும் அந்நாட்டுக்கே உரியது. சிங்கப்பூர்க் குடிமைத் தற்காப்புப் படையின் ‘ஆப்பரேஷன் லயன்ஹார்ட்’ குழு 2008இல் ஐக்கிய நாடுகள் சார்ந்த மதிப்பீட்டில் ‘கனரகக் குழு’ எனத் தகுதி பெற்றது. ஒரே நேரத்தில் இரண்டு இடங்களில் தேடும் ஆற்றலோடு, உணவு, குடிநீர், தங்குமிடம் ஆகியவற்றுக்கு உள்ளூர் மக்களை நம்பியிராத தற்சார்பையும் அத்தகுதி கோருகிறது. துயருற்ற ஊருக்குச் சுமையாகாதிருப்பதும் மீட்பின் ஒரு பகுதியே என்பது அதன் உட்பொருள்.

எனவே இளம் பணியாளர் கான்கிரீட்டைத் துளைக்கும் கருவியைப் பழகுவதோடு, அண்டை நாட்டு மொழி ஒன்றையும் அங்குள்ள நிர்வாக அடுக்கையும் கற்க வேண்டும். பிடோக்கிற்கு அருகே, சாங்கியில் 2014இல் அமைக்கப்பட்ட வட்டார ஒருங்கிணைப்பு நிலையத்தில் பல நாட்டு ராணுவ அதிகாரிகள் சேர்ந்து பணியாற்றுவது, பேரிடர் நாளில் அறிமுகப் படலத்துக்கு நேரம் இராது என்பதாலேயே. அந்த அறிமுகத்தை அமைதியான நாள்களிலேயே இளம் பணியாளரும் செய்துகொள்வாராக.