சம்பள நிர்ணய சபை எங்கிருந்து வந்தது?

2021 மார்ச்சில் நமது நாட்சம்பளம் 1000 ரூபா என்று வர்த்தமானியில் வந்தபோது, 'சம்பள நிர்ணய சபை' என்ற பேர் லயத்துக்கு லயம் அடிபட்டது. அப்படியொரு சபையை வைக்கும் முறை இங்கிலாந்திலிருந்து வந்தது.

1906இல் அங்கு தேர்தலில் வென்ற லிபரல் கட்சி அரசாங்கம் 1908இல் 70 வயதானவர்களுக்கு ஓய்வூதியமும், 1911இல் நோயுற்ற தொழிலாளிக்குக் காப்புறுதியும் கொண்டுவந்தது. நமக்கு நெருக்கமானது அதன் 1909ஆம் ஆண்டுச் சட்டம். கூலி மிகக் குறைந்த நான்கு தொழில்களுக்குச் சபைகள் அமைந்தன. முதலாளிமார் ஒருபக்கம், தொழிலாளர் ஒருபக்கம், நடுவில் அரசாங்கம் நியமித்தவர்கள். இதைக் கொண்டுவந்த அமைச்சர் வின்ஸ்டன் சேர்ச்சில். (பின்னாளில் இந்திய சுதந்திரத்தை எதிர்த்தவரும் இதே ஆள்தான்!)

அந்த நான்கில் ஒன்று சங்கிலி செய்யும் தொழில். கிரேட்லி ஹீத் என்ற ஊரில் பெண்கள் வீட்டுக்குப் பின்னால் இருந்த கொட்டில்களில் இரும்புச் சங்கிலி அடித்தார்கள். 1910இல் சபை அவர்களுக்கு மணிக்கு இரண்டரைப் பென்ஸ் என்று தீர்த்தது. பலருக்கு அது ஏறத்தாழ இரட்டிப்புக் கூலி. முதலாளிமார் சும்மா இருப்பார்களா? 'இன்னும் ஆறு மாதத்துக்குப் பழைய கூலியே போதும்' என்ற தாளை நீட்டினார்கள். வாசிக்கத் தெரியாத பெண்கள் பலர், என்ன ஏதென்று தெரியாமலே அடையாளம் போட்டுக் கொடுத்தார்கள். மேரி மக்ஆதர் என்ற சங்கத் தலைவி அவர்களைத் திரட்டினார். பத்து வாரப் போராட்டத்துக்குப் பிறகுதான் சட்டப்படியான கூலி கைக்கு வந்தது.

இலங்கையில், 1927ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி 1929 முதல் மலைநாட்டுத் தோட்டங்களில் குறைந்தபட்ச நாட்சம்பளம் ஆணுக்கு 54 சதம், பெண்ணுக்கு 43 சதம். கொழுந்து ஆயும் கைக்கு 11 சதம் குறைவு! சமசம்பளம் கிடைக்க 1984 வேலைநிறுத்தம் வேண்டியிருந்தது. தொழில்வாரியாகச் சபைகள் அமைக்கும் சட்டம் 1941இல் வந்தது. அங்கேயும் அதே மூன்று தரப்பு. 2021இல் அரசு நியமித்த உறுப்பினர்கள் தொழிற்சங்கப் பக்கம் வாக்களித்ததால்தான் 1000 ரூபா நிறைவேறியது. கம்பனிகள் நீதிமன்றம் போயின. பல தோட்டங்களில் கிலோ குறைந்தால் அரைப்பேர் என்ற தகராறும் கிளம்பியது.

சபை தீர்த்த தொகைக்குக் குறைவாகக் கொடுப்பது குற்றம். குறைந்த சம்பளத்துக்குச் சம்மதம் என்று கையெழுத்து வைத்திருந்தாலும் அந்தச் சம்மதம் சட்டத்துக்கு முன்னால் நிற்காது. ஆகவே, வாசித்துப் பார்க்காமல் எந்தத் தாளிலும் கைநாட்டு வைக்காதீர்கள். பிள்ளைகளிடம் கொடுத்து வாசிக்கச் சொல்லுங்கள். மாதாமாதம் வரும் சம்பளத் துண்டை அடுப்புக்குப் போடாமல் கட்டி வையுங்கள். பேர் குறைந்திருந்தால், அதைக் கையில் எடுத்துக்கொண்டுதான் தொழில் அலுவலகத்துக்குப் போகவேண்டும்.