ஒரு கிலோகூட இல்லாத லேப்டாப்புக்கு 1,20,000 ரூபாயா? கணக்கு போட்டுட்டு வாங்குங்க!

கையில 40,000 ரூபாய் சம்பளம் வருது. ஒரு கிலோவுக்கும் குறைவான குட்டி லேப்டாப் ஒன்னு 1,20,000 ரூபாய். மாசம் 10,000 வீதம் 12 மாசம் "நோ காஸ்ட் ஈ.எம்.ஐ."ன்னு கடையில சொல்றாங்க. வாங்கலாமா? ஆசைப்படறது தப்பு இல்ல. ஆனா விலைச்சீட்டுல எழுதாத செலவையும் சேர்த்துப் பார்த்துட்டு முடிவெடுக்கணும்.

1. சின்னதாக்க எதையெல்லாம் எடுத்துட்டாங்க?

நல்ல உதாரணம், ஆப்பிள் 2015ல கொண்டுவந்த 12 இன்ச் மேக்புக். எடை 920 கிராம், அமெரிக்காவுல ஆரம்ப விலை 1,299 டாலர். ஃபேன் கிடையாது. சார்ஜ் போட, பென் டிரைவ் சொருக, எல்லாத்துக்கும் ஒரே ஒரு யு.எஸ்.பி.-சி போர்ட். ரேம் போர்டோடு பற்றவைத்தது, பிறகு கூட்ட முடியாது. மெல்லிசான கீபோர்டுல பிரச்சினை வந்து, 2018ல ஆப்பிளே இலவச ரிப்பேர் திட்டம் அறிவிச்சது. 2019ல அந்த மாடலையே நிறுத்திட்டாங்க. 2021ல வந்த மான்டரே சாஃப்ட்வேர் 2015 மாடலுக்குக் கிடைக்கல.

அதுக்கும் முன்னாடி, 2009ல சோனி வயோ பி வந்தது. 8 இன்ச் திரை, எடை 650 கிராமுக்கும் கம்மி. பார்க்க அழகு, ஆனா அதோட குட்டி ப்ராசஸருக்கு விண்டோஸ் விஸ்டாவே பெரிய சுமை. 2014ல சோனி கம்ப்யூட்டர் தொழிலையே வித்துட்டாங்க.

பாடம் இதுதான்: சின்ன மெஷின்ல எடுத்த ஒவ்வொரு வசதியையும் நாம வெளியில தனியா காசு கொடுத்து வாங்கறோம்.

2. நாலு வருஷக் கணக்கு

இது உதாரணக் கணக்கு. உங்க நம்பரைப் போட்டுப் பாருங்க.

குட்டி லேப்டாப்:
- விலை: 1,20,000
- ஹப், அடாப்டர்: 5,000
- வீட்டுல வேலை பார்க்க மானிட்டர், கீபோர்டு, மவுஸ்: 15,000
- கூடுதல் வாரண்டி: 10,000
- ஈ.எம்.ஐ. உபரிச் செலவு: 2,100
- நாலு வருஷம் கழிச்சு வித்தா கழிவு: 30,000
- நிகரச் செலவு: 1,22,100. மாசத்துக்கு சுமார் 2,540.

சாதாரண 14 இன்ச், 1.4 கிலோ லேப்டாப்:
- விலை: 60,000
- ரேம் கூட்ட: 4,000
- வித்தா கழிவு: 15,000
- நிகரச் செலவு: 49,000. மாசத்துக்கு சுமார் 1,020.

வித்தியாசம் 73,100 ரூபாய். எடையில வித்தியாசம் 480 கிராம், அதாவது கிட்டத்தட்ட அரை லிட்டர் தண்ணி பாட்டில். அந்த பாட்டிலைத் தூக்காம இருக்க மாசம் 1,500 ரூபாய் கொடுக்கறோம்.

3. "நோ காஸ்ட்"ல காஸ்ட் எங்க?

கிரெடிட் கார்டு ஈ.எம்.ஐ.யில பேங்க் வட்டி போடத்தான் செய்யுது. அந்த வட்டி அளவுக்கு விலையில தள்ளுபடி கொடுத்து சரிக்கட்டறாங்க. 16% வட்டின்னா, 1,20,000ல வட்டி சுமார் 9,790. அந்த வட்டி மேல 18% ஜி.எஸ்.டி. சுமார் 1,760. ப்ராசஸிங் ஃபீ 299ன்னா, ஜி.எஸ்.டி.யோடு 353. ஆக 2,100 ரூபாய்க்கு மேல நம்ம பாக்கெட்டுல இருந்துதான் போகுது. மொத்தமா பணம் கட்டினா கிடைக்கற தள்ளுபடி போனா, அது தனி.

4. யாருக்கு இது சரி?

திருமங்கலத்துல இருந்து பைக்ல இலந்தைக்குளம் எல்காட் ஐ.டி. பார்க்குக்குப் போறீங்க, அங்க கம்பெனி லேப்டாப் இருக்கு, உங்க லேப்டாப் வீட்டு மேசையிலதான் கிடக்கும்னா, எடையைக் குறைக்க காசு கொடுக்காதீங்க.

வாரத்துல நாலு நாள் விருதுநகர், சிவகாசி, திண்டுக்கல்னு பஸ்லயும் ரயில்லயும் ஆடிட்டுக்கோ சேல்ஸுக்கோ சுத்தறவங்களுக்குக் கணக்கு வேற. மடியில வெச்சு தினம் ரெண்டு மணி நேரம் வேலை முடிச்சா, மாசம் 1,500 பெரிசில்ல.

இன்னொன்னு, நம்ம ஊர் வெயில். ஆப்பிள் தன் லேப்டாப்களுக்குச் சொல்ற சூழல் வெப்பம் 10 முதல் 35 டிகிரி. மே மாச மதுரை அதைத் தாண்டிடும். ஃபேன் இல்லாத மெஷின் சூடானா, தன்னைக் காப்பாத்திக்க வேகத்தைக் குறைச்சுக்கும்.

5. வரியில என்ன கிடைக்கும்?

- சம்பளக்காரர் சொந்தக் காசுல வாங்கினா, சம்பளத்துல தனிக் கழிவு கிடையாது. பழைய முறை, புதிய முறை ரெண்டுலயும் இதே கதைதான்.
- கம்பெனி லேப்டாப்பைப் பயன்படுத்தறதுக்கு பெர்க்விசிட் வரி இல்ல. பிறகு அதை உங்க பேருக்கு மாத்தினா, முடிஞ்ச ஒவ்வொரு வருஷத்துக்கும் மதிப்பு 50% குறையும். 1,20,000 மெஷின் ரெண்டு வருஷத்துல 30,000, மூணு வருஷத்துல 15,000. நீங்க கட்டற தொகை போக மீதிக்கு மட்டும்தான் வரி. எச்.ஆர்.கிட்ட கேட்டுப் பாருங்க.
- ஃப்ரீலான்ஸ் வருமானத்துக்குக் கணக்குப் புத்தகம் வெச்சிருந்தா 40% தேய்மானம் உண்டு; அந்த வருஷத்துல 180 நாளுக்குக் கம்மியா பயன்படுத்தினா அதுல பாதி. உத்தேச வருமான முறையில தாக்கல் பண்ணினா தனியா கேட்க முடியாது.

6. வாங்கறதுக்கு முன்னாடி

- மதுரையிலயே சர்வீஸ் இருக்கா? வெளிநாட்டுல இருந்து வரவழைச்சா வாரண்டி இங்க செல்லுமா?
- ரேம், எஸ்.எஸ்.டி., பேட்டரி எதையெல்லாம் மாத்த முடியும்?
- உங்க எக்செல் ஷீட்டை அந்தத் திரையில அரை மணி நேரம் கடையிலயே ஓட்டிப் பாருங்க.
- ஆறு மாசச் செலவுக்கு அவசரப் பணம் தனியா இருக்கா?

கடைசி கேள்விக்கு "இல்லை"ன்னா, இப்போ வாங்காதீங்க. சம்பளத்துல நாலுல ஒரு பங்கு ஒரு வருஷம் ஈ.எம்.ஐ.க்கே போகுது. நடுவுல வேலை போனாலும், வீட்டுல ஒரு ஆஸ்பத்திரி செலவு வந்தாலும் தவணை நிற்காது. அவசரப் பணம் இருந்தாலும், முதல்ல மாசம் 10,000 வீதம் மூணு மாசம் ஆர்.டி.யில போடுங்க. கஷ்டமில்லாம போட முடிஞ்சா, அப்புறம் கடைக்குப் போகலாம். முடியலைன்னா, அந்த 30,000 உங்ககிட்டயே இருக்கும்.