கிளி விளையாடும் இடமும் நாம் தொழும் இடமும்

நம் இல்லங்களில் முன்பெல்லாம் திண்ணையில் தொங்கும் கூண்டுக்குள் ஒரு பச்சைக்கிளி இருக்கும். இன்று கொண்டையுள்ள காக்டீல் கிளிகளும், லவ் பேர்ட்ஸ் என்று கடைகளில் விற்கப்படும் சின்னஞ்சிறு கிளிகளும் கூடத்துக்குள்ளேயே குடிவந்துவிட்டன. கூண்டைவிட்டு வெளியே வந்து, ஏறி இறங்கி, கடித்துக் கொறித்து விளையாட அவற்றிற்கு ஓர் இடம் வேண்டியிருக்கிறது. அதே கூடத்தில்தான் நம் வீட்டுப் பெண்கள் முஸல்லா விரித்துத் தொழுகிறார்கள். பிள்ளைகள் ரெஹால் வைத்துக் குர்ஆன் ஓதுகிறார்கள். ஆகவே, அந்த விளையாட்டு இடத்தை எப்படி அமைப்பது, எப்படிச் சுத்தம் செய்வது என்பது வெறும் பொழுதுபோக்கைச் சேர்ந்த விஷயமன்று. பறவையின் ஹக்கும் தொழுகையின் ஷர்த்தும் ஒன்றாய்ச் சேரும் விஷயமாகும். இதைப்பற்றி இந்த மாதம் சிறிது விரிவாகப் பார்ப்போம்.

வளர்ப்பது ஆகுமா?

அனஸ் (ரலி) அவர்களுக்கு அபூ உமைர் என்று ஒரு தம்பி இருந்தார். சிறு பிள்ளை. அவரிடம் விளையாட ஒரு குருவி இருந்தது. நபி (ஸல்) அவர்கள் அவ்வீட்டுக்கு வரும்போது அக்குருவியைப்பற்றி அப்பிள்ளையிடம் அன்போடு விசாரிப்பார்கள். இந்நிகழ்ச்சி புகாரி, முஸ்லிம் இரண்டிலும் பதிவாகியுள்ளது. ஹிஜ்ரி 335-ல் மறைந்த ஷாஃபிஈ மத்ஹபின் இமாம் இப்னுல் காஸ் (ரஹ்) அவர்கள், இந்த ஒரு ஹதீஸிலிருந்து அறுபதுக்கும் மேற்பட்ட படிப்பினைகளை எடுத்து ஒரு தனி நூலே எழுதினார்கள். பிள்ளைகள் பறவையோடு விளையாடலாம், பறவையை வீட்டில் வைத்துக்கொள்ளலாம் என்பதற்கு உலமாக்கள் இதையே ஆதாரமாகக் காட்டுகிறார்கள். ஆனால், அதை வதைக்காமல் இருக்கவேண்டும் என்ற நிபந்தனை அத்துடன் சேர்ந்தே வருகிறது.

பூனையைக் கட்டிப்போட்டு, தானும் உணவளிக்காமல், அது தானாகத் தேடித் தின்னவும் விடாமல் சாகடித்த பெண்ணின் முடிவு என்னவாயிற்று என்பதும் நாம் அறிந்ததே. அப்பெண்ணின் குற்றம் பூனை வளர்த்தது அன்று. அடைத்து வைத்துவிட்டுப் பொறுப்பை மறந்ததுதான். பிக்ஹு கிதாபுகளில் மனைவி மக்களின் நஃபகாவைப்பற்றிப் பேசும் அதே பாடத்தில், ஒருவரின் உடைமையில் உள்ள பிராணிகளின் தீனியும் தண்ணீரும் அவர்மீது கடமை என்று பேசப்படுவதைக் காணலாம். எனவே, கூண்டின் கதவை மூடியவரே அதனுள் இருக்கும் உயிருக்குப் பொறுப்பாளி.

எந்தக் கிளியை வளர்க்கலாம்?

இங்கே ஒரு முக்கியமான எச்சரிக்கை. நம் நாட்டுப் பச்சைக்கிளியைப் பிடிப்பதும், விற்பதும், வீட்டில் அடைத்து வளர்ப்பதும் 1972-ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி குற்றமாகும். மரப்பொந்திலிருந்து குஞ்சுகளை எடுத்து வந்து விற்கிறார்கள். குஞ்சுகளைப் பறிகொடுத்துத் தவித்த ஒரு தாய்ப்பறவையைக் கண்டபோது, அவற்றைத் திருப்பிக் கொடுக்குமாறு நபி (ஸல்) அவர்கள் ஏவியது அபூதாவூதில் வருகிறது. இதை அறிந்த பின்னும் பச்சைக்கிளிக் குஞ்சை விலைக்கு வாங்க ஒரு முஃமினுக்கு மனம் வருமா? வளர்க்க விரும்புவோர் காக்டீல் போன்ற, கூண்டிலேயே பிறந்து வளர்ந்த வெளிநாட்டுக் கிளிகளோடு நிறுத்திக்கொள்ளட்டும். ஆப்பிரிக்கச் சாம்பல் கிளி போன்ற, பன்னாட்டு ஒப்பந்தத்தின் பட்டியலில் உள்ளவற்றை வைத்திருப்போர் அரசிடம் பதிவு செய்துகொள்ள 2024-ல் விதிகள் வந்துள்ளன, அதையும் பேணவேண்டும்.

காக்டீல் ஆஸ்திரேலியாவைத் தாயகமாகக் கொண்ட பறவை. நல்ல பராமரிப்பில் 15 முதல் 20 ஆண்டுகள் வரை வாழும். பிள்ளையின் பெருநாள் ஆசைக்காக இன்று வாங்கினால், அப்பிள்ளை நிகாஹ் வயதை எட்டும்வரை அது நம் பொறுப்பில் இருக்கக்கூடும். இத்தனை ஆண்டுகளையும் ஒரு முழச் சதுரக் கூண்டில் கழி என்று விட்டுவிட்டால், அது சலிப்பால் கத்தும். தன் இறகைத் தானே பிடுங்கிக்கொள்ளும். பறவைக்குச் சிறகு தந்தவன் அல்லாஹ். நாள்தோறும் ஓரிரு மணி நேரமாவது கூண்டுக்கு வெளியே அது உலவ வழி செய்வது பர்ளு என்று நாம் சொல்லவில்லை. ஆனால் இரக்கமுள்ளவர் விட்டுவிடக்கூடிய காரியமும் அன்று.

இடத்தைத் தேர்ந்தெடுத்தல்

முதலில் இடம். தொழும் இடத்துக்கு எதிர்மூலையில், கிப்லாத் திசையில் படாதவாறு அமையுங்கள். தொழுகிறவரின் கண்ணுக்கு முன்னே கிளி தத்திக்கொண்டிருந்தால் உள்ளச்சம் கலையும்.

அடுக்களையும் அடுக்களையை ஒட்டிய இடமும் கூடவே கூடாது. பறவையின் நுரையீரலும் அதனோடு சேர்ந்த காற்றுப் பைகளும் மிக மென்மையானவை. ஒட்டாத பூச்சுள்ள தோசைத்தவா அடுப்பில் அளவுக்கு மீறிக் காய்ந்தால் வெளிவரும் புகை, நமக்குத் தெரியாமலேயே கிளியைச் சில நிமிடங்களில் கொன்றுவிடும். வெள்ளி இரவுகளில் நாம் போடும் சாம்பிராணிப் புகையும், ஊதுபத்தியும், கொசுவர்த்திச் சுருளும் அதற்குக் கேடுதான். அவற்றை ஏற்றுவதானால் கிளியைக் காற்றோட்டமுள்ள வேறு அறைக்கு மாற்றிவிடுங்கள்.

கிளி வெளியே இருக்கும் நேரம் முழுதும் மின்விசிறி நின்றிருக்கவேண்டும். மூடாத தண்ணீர் அண்டா, திறந்த சன்னல், வீட்டுப் பூனை ஆகிய மூன்றையும் சரிபார்த்த பின்னரே கூண்டைத் திறக்கவேண்டும்.

மேடை அமைக்கும் முறை

பெரிய செலவு வேண்டாம். விளிம்பு உயர்ந்த அகலமான எவர்சில்வர் தாம்பாளமோ பிளாஸ்டிக் தட்டோ ஒன்று, அதன் நடுவில் நிறுத்திய கவடுள்ள மரக்கிளை ஒன்று, இவ்வளவே. வேம்பு, கொய்யா ஆகிய மரங்களின் கிளை நல்லது. பூச்சிமருந்து தெளிக்காத மரமாகப் பார்த்து வெட்டி, தேய்த்துக் கழுவி, வெயிலில் நன்கு காயவைத்துப் பயன்படுத்துங்கள். கிளை சில இடத்தில் சுண்டுவிரல் கனமும் சில இடத்தில் கட்டைவிரல் கனமுமாக இருப்பது நலம். ஒரே கனமுள்ள வழவழப்பான குச்சியிலேயே நின்றால் பறவையின் பாதம் ஓரிடத்திலேயே அழுந்திப் புண்ணாகும்.

கிளையைக் கட்டத் துத்தநாகப் பூச்சுள்ள கம்பி கூடாது. கிளி எதையும் கடித்துப் பார்க்கும். துத்தநாகமும் ஈயமும் அதற்கு நஞ்சு. விளையாட்டுப் பொருள்களாகச் சாயமிடாத மரத்துண்டு, சிரட்டை, பனையோலைப் பின்னல் ஆகியவை போதும். பிரிபிரியாய்த் தொங்கும் நூலும் கயிறும் கால்விரலில் சுற்றி இறுக்கிவிடும் என்பதால் அவற்றைத் தவிர்க்கவேண்டும். தீனிக் கிண்ணத்தையும் தண்ணீர்க் கிண்ணத்தையும் கிளைக்கு நேர் கீழே வைக்காதீர்கள். எச்சம் அதில் விழும்.

தட்டில் தாள் விரிக்கவேண்டும். இதில் நம்மில் பலர் கவனக்குறைவாக இருக்கின்றனர். கைக்குக் கிடைத்த தாளை எல்லாம் விரித்துவிடுகிறார்கள். அல்லாஹ்வின் திருநாமமோ, ஆயத்தோ, ஹதீஸோ உள்ள தாளைப் பறவையின் எச்சத்துக்குக் கீழே விரிப்பது பெரும் பிழை. அப்துல்லாஹ், அப்துர் ரஹ்மான் என்ற பெயர்கள் அச்சான செய்தித்தாளிலும் அத்திருநாமம் இருக்கிறது. நீங்கள் கையில் வைத்திருக்கும் இந்த இதழும் அதற்கு உரியதன்று. எழுத்தில்லாத வெள்ளைத் தாளை விரிப்பதே மேல். அதில் இன்னொரு நன்மையும் உண்டு. எச்சத்தின் நிறமும் தன்மையும் மாறினால் வெள்ளைத் தாளில் உடனே தெரியும். நோயை முன்கூட்டியே அறியலாம். நபி சுலைமான் (அலை) அவர்கள் பறவைகளைப் பார்வையிட்டபோது, ஹுத்ஹுத் ஒன்று இல்லாததைக் கண்டுகொண்டார்கள் அல்லவா? பொறுப்பாளியின் பார்வை அத்தகையதாக இருக்கவேண்டும்.

எச்சம் பற்றிய மஸ்அலா

ஷாஃபிஈ மத்ஹபில் எல்லாப் பறவைகளின் எச்சமும் நஜீஸ் ஆகும். பள்ளிவாசல் தரையில் தவிர்க்க முடியாதவாறு பறவைகள் இடும் எச்சத்துக்குச் சில நிபந்தனைகளுடன் மன்னிப்பு உண்டு. ஆனால் நாமே விரும்பி வீட்டில் வளர்க்கும் கிளிக்கு அச்சலுகையை நீட்டிக்கொள்வது பேணுதல் ஆகாது. ஹனஃபி மத்ஹபில், உண்ண ஆகுமான, வானில் பறக்கும் பறவைகளின் எச்சம் நஜீஸ் அன்று. கிளியும் அவ்வகையில் சேரும். ஆயினும், நஜீஸ் இல்லை என்பதால் அசுத்தத்தை அப்படியே விட்டுவைக்கலாம் என்று பொருளாகாது.

உதிர்ந்த இறகைப்பற்றியும் அறிந்துகொள்வது அவசியம். ஷாஃபிஈ மத்ஹபில் கிளி உண்ண ஆகாத பறவை என்பதே சரியான சொல். ஆகவே உயிரோடிருக்கும்போது அதன் உடலிலிருந்து உதிரும் இறகும் நஜீஸ். சிறிதளவு ஒட்டியிருந்தால் மன்னிக்கப்படும். அழகாய் இருக்கிறதே என்று பிள்ளைகள் அந்த இறகை ஓதும் முஸ்ஹஃபுக்குள் அடையாளமாக வைப்பதைத் தாய்மார்கள் கண்டிப்பாகத் தடுக்கவேண்டும். ஹனஃபி மத்ஹபில் இறகு சுத்தமானதே.

கிளி குடித்து மிஞ்சிய தண்ணீர் இரு மத்ஹபிலும் சுத்தமானது. ஷாஃபிஈகளுக்கு, அதில் எச்சம் விழுந்துவிட்டால் நஜீஸாகிவிடும்.

சுத்தம் செய்யும் முறை

துடைப்பத்தால் பெருக்குவது எளிதாகத் தோன்றும். ஆனால் காய்ந்த எச்சத்தைப் பெருக்கினால் அது தூளாகிக் காற்றில் பறக்கும். கிளிக் காய்ச்சல் எனப்படும் சிட்டகோசிஸ் நோயின் கிருமி அத்தூளை மூச்சில் இழுப்பதாலேயே மனிதர்களைப் பற்றுகிறது. 1929, 1930-ஆம் ஆண்டுகளில், தென் அமெரிக்காவிலிருந்து விற்பனைக்கு அனுப்பப்பட்ட கிளிகளின் வாயிலாக இந்நோய் ஐரோப்பாவிலும் அமெரிக்காவிலும் பரவிப் பல உயிர்களைப் பறித்தது. கருவுற்ற பெண்களுக்கு இது கடுமையாகும். அவர்களிடம் இவ்வேலையை ஒப்படைக்கலாகாது. காக்டீலின் உடலிலிருந்து இயல்பாகவே வெண்தூள் உதிரும் என்பதால் இழுப்பு நோயுள்ளவர்களும் விலகியிருக்கட்டும்.

ஆகவே நனைத்து எடுக்கவேண்டும். நனைத்தால் நஜீஸ் பரவுமே என்று கேட்கலாம். முறையாகச் செய்தால் பரவாது. அம்முறை வருமாறு:

முதலாவதாக, கிளியைக் கூண்டில் விட்டு வேறு அறைக்குக் கொண்டுசெல்லுங்கள். சன்னலைத் திறந்து, விசிறியை நிறுத்துங்கள்.

இரண்டாவதாக, தட்டிலுள்ள தாளின்மீது தண்ணீரை மெல்லத் தெளித்து, ஓரங்களை உட்புறமாக மடித்து, அப்படியே எடுத்துப் பையில் கட்டிவிடுங்கள். இது நாள்தோறும் நடக்கவேண்டும்.

மூன்றாவதாக, தரையில் விழுந்த எச்சத்தின்மீது மட்டும் ஈரத்தாள் ஒன்றைச் சில நிமிடம் போட்டுவைத்து, ஊறிய பின் சுற்றிலுமிருந்து நடுநோக்கி வழித்தெடுங்கள். நடுவிலிருந்து வெளிப்புறமாகத் தேய்த்தால்தான் பரவும்.

நான்காவதாக, தடம் நீங்கிய இடத்தின்மீது சுத்தமான தண்ணீரை ஊற்றி, சுத்தமான வேறொரு துணியால் ஒற்றி எடுங்கள்.

ஐந்தாவதாக, தீனி, தண்ணீர்க் கிண்ணங்களை அன்றாடமும், தட்டையும் கிளையையும் வாரம் ஒருமுறையும் சோப்புப் போட்டுத் தேய்த்து, ஓடும் குழாய்த் தண்ணீரில் அலசி, வெயிலில் காயவையுங்கள். பினாயில் போன்ற நெடியுள்ள மருந்துகள் கிளிக்கு ஆகா. வெடித்த கிளையையும், அழுக்கு ஊறிய கிளையையும் எறிந்துவிட்டுப் புதிது வையுங்கள்.

ஒரு வாளி, ஒரு துணி என்று வைத்துக்கொண்டு, எச்சம் துடைத்த துணியை அவ்வாளியிலேயே திரும்பத் திரும்ப முக்கி, வீடு முழுவதையும் துடைக்கும் பழக்கம் நம்மிடையே உள்ளது. இரண்டு குல்லத், அதாவது ஏறத்தாழ 200 லிட்டர், அளவுக்குக் குறைந்த தண்ணீரில் நஜீஸ் பட்டால் அத்தண்ணீர் முழுதும் நஜீஸாகும் என்பது ஷாஃபிஈ சட்டம். வாளித் தண்ணீர் எம்மாத்திரம்? ஓரிடத்தில் இருந்த நஜீஸைக் கூடம் முழுதும் பூசியதாகவே முடியும். கிருமியைப்பற்றிப் பேசும் மருத்துவர்களும் அழுக்குத் துணியை அதே வாளியில் முக்கவேண்டாம் என்றே சொல்கிறார்கள். நஜீஸை வாளிக்குக் கொண்டுபோகாதீர்கள். தண்ணீரை நஜீஸின்மீது ஊற்றுங்கள். இந்த ஒன்றை நினைவில் வைத்தால் போதும்.

தோளில் கிளியை அமர்த்திக் கொஞ்சுவோர் அதற்கென ஒரு துண்டைப் போட்டுக்கொள்ளட்டும். தொழுமுன் உடையைப் பார்த்து, கையைச் சோப்பால் கழுவி, பிறகு ஒளுச் செய்யட்டும். தொழும்போது கிளி கூண்டுக்குள் இருக்கட்டும். தொழுத பின், உடையிலோ தொழுத இடத்திலோ தொழுகையின்போதே எச்சம் இருந்தது உறுதியாகத் தெரியவந்தால், ஷாஃபிஈ மத்ஹபில் அத்தொழுகையைத் திரும்பத் தொழவேண்டும். நாளெல்லாம் வேலை செய்து, களைத்துப்போய் நம் தாய்மார்கள் தொழும் தொழுகை, ஒரு சிறு கவனக்குறைவால் வீணாகலாமா?

அன்புச் சகோதர சகோதரிகளே! இவ்வேலையைத் தாயின் தலையில் மட்டும் சுமத்தாதீர்கள். கிளி வேண்டும் என்று கேட்ட பிள்ளையே கிண்ணத்தைக் கழுவட்டும். தகப்பனார் தட்டைத் தேய்க்கட்டும். வாய்பேசாத ஓர் உயிரின் தேவையை அது கேளாமலேயே அறிந்து நிறைவேற்றப் பழகும் பிள்ளை, நாளை முதிர்ந்த தாய் தந்தையரின் தேவையையும் கேளாமலேயே அறியும். இவ்வளவும் நம்மால் இயலாது என்று தோன்றினால், கிளி வாங்காமலிருப்பதே அந்தக் கிளிக்கு நாம் செய்யும் நன்மையாகும்.

தன் படைப்புகளிடம் இரக்கம் காட்டுவோராகவும், தொழும் இடத்தைத் தூய்மையாகப் பேணுவோராகவும் நம் அனைவரையும் அல்லாஹ் ஆக்கி அருள்வானாக. ஆமீன்.