சுமக்கப் போகிறவளை முதலில் பார்

மகளே, வாடகைத் தாய் வழியாகப் பிள்ளை பெற்றுக்கொள்ளலாமா என்று நீயும் உன் கணவரும் யோசிப்பதாக உன் அம்மா சொன்னாள். கண்டியிலும் சுற்றுவட்டாரத்திலும் மருத்துவமாதாக வேலை பார்த்தே தலை நரைத்தவள் நான். பிள்ளைக்காக ஏங்கியவர்கள் எங்கெங்கே தடுக்கி விழுந்தார்கள் என்று கிட்ட நின்று பார்த்திருக்கிறேன். அதனால் சொல்லுகிறேன், கேள்.

1. அழ வேண்டியதை முதலில் அழுதுவிடு. பிரசவத்தில் இரத்தம் நிற்காமல் கர்ப்பப்பையையே எடுக்க நேர்ந்தவர்கள், பிறவியிலேயே கர்ப்பப்பை இல்லாதவர்கள், இவர்களுக்கெல்லாம் இது நியாயமான வழிதான். ஆனால் கட்டுக்கலைப் பிள்ளையாருக்கு நேர்த்தி வைத்த கையோடு கொழும்புக் கிளினிக்குக்கு ஓடுகிறவர்களையும் கண்டிருக்கிறேன். இரண்டிலும் பிழையில்லை, அந்த அவசரம்தான் பிழை. இழந்த துக்கம் ஆறாமல் வாங்குகிற பிள்ளையிடம், அந்தத் துக்கத்தை ஆற்றும் வேலையையும் சேர்த்துக் கொடுத்துவிடுவோம்.

2. நடப்பது என்ன என்று விளங்கிக்கொள். உன் கருமுட்டையையும் உன் கணவரின் விந்தணுவையும் ஆய்வுகூடத்தில் சேர்த்து, உருவாகும் கருவை இன்னொருத்தியின் கர்ப்பப்பையில் வைப்பார்கள். சாயல் உங்களுடையதாக இருக்கும். ஊசியும் மசக்கையும், ஏறினால் இரத்த அழுத்தமும் அவளுக்கு. இரண்டு கரு வைத்தால் ஒரே செலவில் இரட்டைப் பிள்ளை கிடைக்குமே என்று ஆசைப்படாதே. இரட்டைக் கர்ப்பத்தின் ஆபத்தைச் சுமக்கிறவள் நீயில்லை. ஒரு கரு போதும் என்று நீயே டொக்டரிடம் கேள்.

3. டொக்டருக்கு முன்னால் வழக்கறிஞரைப் பார். இலங்கையில் இதற்கென்று தனிச் சட்டம் கிடையாது. பிறப்புப் பதிவில் பெற்றவள்தான் தாய். அவள் கல்யாணமானவள் என்றால், 1895ஆம் ஆண்டுச் சாட்சியக் கட்டளைச் சட்டம் அவளுடைய புருஷனையே தகப்பனாகக் கொள்ளும். அப்படியானால் உன் முட்டையில் உருவான பிள்ளையை நீயே 1941ஆம் ஆண்டு மகவேற்புக் கட்டளைச் சட்டத்தின்படி நீதிமன்றத்துக்குப் போய்த் தத்தெடுக்க வேண்டிவரும். பெற்றவளின் சம்மதம் அங்கே வேண்டும். அவள் மனம் மாறினால் உன் கையில் இருக்கும் ஒப்பந்தக் கடதாசியை நம்பி நிற்க முடியாது.

4. இந்தியாவுக்குப் போய் முடித்துவிடலாம் என்று யாராவது சொன்னால் அவசரப்படாதே. வெளிநாட்டுத் தம்பதியருக்கு அந்தக் கதவை 2015 கடைசியிலேயே சாத்திவிட்டார்கள். 2022 ஜனவரியில் நடைமுறைக்கு வந்த 2021ஆம் ஆண்டுச் சட்டப்படி காசுக்குச் சுமக்க வைப்பது குற்றம். சுமப்பவள் 25 முதல் 35 வயதுக்குள், ஏற்கெனவே பிள்ளை பெற்றவளாக இருக்க வேண்டும். வாழ்நாளில் ஒரு முறைதான் சுமக்கலாம். 36 மாதக் காப்புறுதியும் அவளுக்கு எடுத்துக் கொடுக்க வேண்டும். நடிகை நயன்தாரா, விக்னேஷ் சிவன் தம்பதிக்கு 2022இல் வாடகைத் தாய் வழியாக இரட்டைக் குழந்தைகள் வந்தபோது தமிழ்நாடு சுகாதாரத் துறையே விசாரணை வைத்தது. குஜராத்தின் ஆனந்த் நகரில் 2008இல் பிறந்த மஞ்ஜியின் கதையையும் தெரிந்துகொள். அவளுக்காக ஏற்பாடு செய்த ஜப்பானியத் தம்பதி, அவள் பிறக்குமுன்பே பிரிந்துவிட்டார்கள். எந்த நாட்டுப் பிள்ளை என்று தெரியாமல் அவள் மாதக்கணக்கில் காத்துக் கிடந்தாள். பாட்டி வந்துதான் கூட்டிப் போனாள்.

5. சுமக்கப் போகிறவளைத் தரகர் இல்லாமல் பார். இதுதான் நான் உனக்குச் சொல்ல வந்ததே. அவளுக்கு என்ன கடன், வீட்டில் யார் அவளை அனுப்புகிறார்கள், அவள் தலையாட்டும்போது கண் யாரைப் பார்க்கிறது என்று கவனி. தெல்தோட்டை, புசல்லாவைப் பக்கத்து லயங்களில் வறுமைக்குப் பெண்கள் எதற்கெல்லாம் சம்மதித்திருக்கிறார்கள் என்று எனக்குத் தெரியும். சொந்தத்துக்குள்ளே நடந்தாலும் இதே கவனம் வேண்டும். பிள்ளையில்லாத அக்காவுக்குக் கொடுப்பதென்று வீட்டார் பேசி முடித்து, ஒரு தங்கச்சி பெற்றாள். இரண்டாம் நாளே அக்கா பிள்ளையைத் தூக்கிக்கொண்டு போய்விட்டாள். மூன்றாம் நாள் பக்கத்துக் கட்டில் குழந்தை வீரிட்டதும் இவளுக்குப் பால் பொங்கிச் சட்டையெல்லாம் நனைந்தது. துவாயை நாலாக மடித்து நெஞ்சில் அழுத்திக்கொண்டு, "மிஸி, இது எப்ப நிக்கும்?" என்று கேட்டாள். பார்வை நேரத்தில் எல்லாரும் அக்கா வீட்டில் பிள்ளையைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். இவளுக்கு ஒரு பார்சல் சோறு கொண்டுவர ஆளில்லை. உனக்குப் பிள்ளை வந்த பிறகும் சுமந்தவளுடைய கிளினிக் நாட்களை உன் நாட்குறிப்பில் எழுதி வை.

6. அவள் உடம்புக்கு நீ கங்காணி இல்லை. அன்னாசி தின்னாதே, பஸ்ஸில் ஏறாதே என்று நாளுக்குப் பத்துத் தரம் போன் போடாதே. சத்திரசிகிச்சை தேவையா என்பதை அவளும் டொக்டரும் தீர்மானிக்கட்டும்.

7. ஊர் வாய்க்குப் பயந்து வயிற்றில் துணி கட்டிக்கொண்டு நடிக்காதே. மாமியாரிடம் முதல் நாளே சொல்லிவிடு. இதற்கு மேல் இதில் பேச ஒன்றுமில்லை.

8. பிள்ளைக்கு உண்மையைச் சொல், கடதாசியையும் உண்மையாக வை. 1970களிலும் 80களிலும் இந்த நாட்டிலிருந்து ஆயிரக்கணக்கான குழந்தைகளை ஐரோப்பாவுக்குத் தத்துக் கொடுத்தார்கள். பெற்றவளுக்குப் பதிலாக வேறொரு பெண்ணைக் காசு கொடுத்து நிறுத்தி, தாய் என்று காட்டிக் கையளித்ததும் நடந்திருக்கிறது. 2017இல் நெதர்லாந்துத் தொலைக்காட்சி அதை வெளியே கொண்டுவந்தது. 2021இல் அந்த நாடு வெளிநாட்டுத் தத்தெடுப்பையே நிறுத்தி வைத்தது. அந்தப் பிள்ளைகள் இன்று நடுவயதில் திரும்பி வந்து, பொய்ப் பெயர் எழுதிய கடதாசியோடு தாயைத் தேடி அலைகிறார்கள். உன் பிள்ளைக்கு அந்த அலைச்சல் வேண்டாம். சுமந்தவளின் பெயர், ஊர், ஆஸ்பத்திரி, தேதி, அவள் சம்மதித்தால் ஒரு படம், எல்லாவற்றையும் ஒரு கோப்பில் போட்டுப் பிறப்புச் சான்றிதழோடு சேர்த்து வை. பிள்ளை கதை கேட்கிற வயதுக்கு வந்ததும், கேட்கிற அளவுக்குச் சொல்லத் தொடங்கு.