ஊர் நலம் காக்கும் உழவர் மன்றங்கள்

ஒருவர் தம் வயலில் மட்டும் கிட்டி வைத்தால் எலி ஒழிவதில்லை. பக்கத்து வரப்பில் வளை இருக்கும்வரை அது மீண்டும் வரும். ஊரார் ஒன்றுகூடி ஒரே சமயத்தில் செய்தால்தான் பலன் கிட்டும். நோயும் அப்படித்தான். ஒரு தெருவுக்கு நல்ல நீரும் மற்றொரு தெருவுக்குக் கலங்கல் நீரும் கிடைக்குமானால், வயிற்றுப்போக்கு ஊரை விட்டுப் போகாது.

ஆரம்ப சுகாதார நிலையம் அருகில் இருந்தும் சிலருக்கு மருத்துவ வசதி எட்டுவதில்லை. சாதி வேற்றுமை, வீட்டில் எல்லோரும் உண்டபின் பெண் உண்ணும் வழக்கம், ஒருநாள் கூலி போய்விடுமே என்ற அச்சம், காசநோயை மறைக்கும் வெட்கம் ஆகியவை இதற்குக் காரணங்கள். இவற்றுக்கு மருந்துக் கடையில் மருந்து இல்லை. ஊர் மக்களே நீக்க வேண்டும்.

ஜாம்கெட் காட்டிய வழி

மகாராஷ்டிர மாநிலத்தில், முன்பு அகமதுநகர் என வழங்கிய மாவட்டத்தில், மழை குறைந்த பகுதி ஜாம்கெட். வேலூர் கிறித்துவ மருத்துவக் கல்லூரியில் பயின்ற ரஜனிகாந்த் ஆரோலே, மேபெல் ஆரோலே தம்பதியர் 1970-ஆம் ஆண்டு அங்கே ஊரக நலத் திட்டம் ஒன்றைத் தொடங்கினர். மருத்துவம் செய்யச் சென்ற அவர்களிடம் மக்கள் முதலில் கேட்டவை உணவும் தண்ணீருமே.

எனவே ஊர்தோறும் உழவர் மன்றங்கள் அமைக்கப்பட்டன. பயிர், கால்நடை, நீர் ஆகியவற்றைப் பேசக் கூடிய உழவர்கள், நாளடைவில் குழந்தைகளின் எடையையும் வயிற்றுப்போக்கையும் பற்றிப் பேசலாயினர். பல சாதியினரும் ஒன்றாக அமர்ந்தனர். அடிபம்புகள் தாழ்த்தப்பட்ட மக்கள் வாழும் தெருக்களில் அமைக்கப்பட்டன. நல்ல நீர் வேண்டிய அனைவரும் அங்கே வர வேண்டியதாயிற்று.

மருத்துவப் பணிக்கு ஊராரே தம்முள் ஒரு பெண்ணைத் தேர்ந்தெடுத்தனர். இவர்களில் பலர் பள்ளி சென்றறியாதவர்கள். தாழ்த்தப்பட்ட வகுப்பினரும் பலர். வாரந்தோறும் ஜாம்கெட்டில் கூடிப் பயிற்சி பெற்று, கர்ப்பிணிகளையும் குழந்தைகளையும் கவனித்தனர். 1971-இல் அப்பகுதியில் பிறந்த 1,000 குழந்தைகளில் 176 குழந்தைகள் ஓராண்டு நிறையுமுன் இறந்தன. 1990-களின் தொடக்கத்தில் இது 20-க்கும் கீழே குறைந்தது. 1979-இல் ஆரோலே தம்பதியருக்கு மகசேசே விருது வழங்கப்பட்டது.

நீங்கள் செய்ய வேண்டியவை

1. முதலில் எல்லோருக்கும் பொதுவான ஒரு தேவையை எடுத்துக்கொள்ளுங்கள். குடிநீர்த் தொட்டியைக் கழுவுதல், கால்நடைத் தடுப்பூசி முகாம் போன்றவற்றில் எதிர்ப்பு எழாது. சேர்ந்து வேலை செய்து பழகியபின் கடினமான செய்திகளைப் பேசலாம்.

2. கூட்டத்தை ஒரே இடத்தில் நடத்தாதீர்கள். சிலர் வரத் தயங்கும் இடமாக அது இருக்கக்கூடும். ஒவ்வொரு முறையும் ஒரு தெருவில், வேலை முடிந்த மாலை நேரத்தில் கூடுங்கள். பெண்கள் பேச நேரம் ஒதுக்குங்கள்.

3. தெருவாரியாகக் கணக்கெடுங்கள். தடுப்பூசி விடுபட்ட குழந்தைகள், கர்ப்பிணிகள், நாட்பட்ட இருமல் உள்ளவர்கள் யார் யார், எந்தத் தெருவில் குழாய் இல்லை என்று குறித்துக் கிராம சுகாதாரச் செவிலியரிடம் கொடுங்கள். குறைகளைக் கிராம சபையில் தீர்மானமாகக் கொண்டு வாருங்கள்.

4. உங்கள் நிலத்தில் வேலை செய்யும் கர்ப்பிணிக்குப் பரிசோதனை நாளன்று கூலியுடன் விடுப்புக் கொடுங்கள். நடவு, களையெடுப்பு நாட்களிலும் இதைத் தவறாது செய்ய வேண்டும். ஒருநாள் கூலி உங்களுக்குச் சிறிது. அவருக்கு அது பரிசோதனைக்குப் போவதா வேண்டாமா என்பதையே முடிவு செய்வது.

5. இரண்டு வாரத்துக்கு மேல் இருமல் உள்ளவரைச் சளிப் பரிசோதனைக்கு அனுப்புங்கள். அரசு மருத்துவமனைகளில் காசநோய்ச் சிகிச்சை இலவசம். மருத்துவர் கூறும் காலம் முழுவதும் மருந்தை விடாமல் உட்கொண்டால் குணமாகும். நோயுற்றவரை வேலையிலிருந்தோ ஊர் நிகழ்ச்சிகளிலிருந்தோ ஒதுக்காதீர்கள். ஒதுக்கினால் அடுத்தவர் நோயை மறைப்பார். மறைத்த நோய் பரவும்.

6. உப்பு சர்க்கரைக் கரைசல் தயாரிக்க எல்லா வீட்டினரும் அறிந்திருக்க வேண்டும். கொதித்து ஆறிய 1 லிட்டர் நீரில் 6 தேக்கரண்டி சர்க்கரையும் அரைத் தேக்கரண்டி உப்பும் தலைதட்டிப் போட்டுக் கரைக்கவும். வயிற்றுப்போக்கு உள்ள குழந்தைக்கு அடிக்கடி சிறிது சிறிதாகக் கொடுத்து, தாய்ப்பாலையும் நிறுத்தாமல், விரைவில் மருத்துவரிடம் காட்டுங்கள். உப்பின் அளவு கூடக்கூடாது. கரைசலை 24 மணி நேரத்துக்குமேல் வைத்திருக்கக்கூடாது.

கடைமடைக்கு நீர் சேர்ந்தால்தான் பாசனம் சரியாக நடந்ததாகக் கொள்கிறோம். உடல்நலத்தையும் அவ்வாறே அளந்து பாருங்கள். அடுத்த மன்றக் கூட்டத்தை ஊரின் கடைசித் தெருவில் கூட்டி, அங்குள்ளோர் கூறுவதை முதலில் கேளுங்கள்.