தற்காலிகச் சீரமைப்பும் நமது கடமையும்

பால் உற்பத்தியாளர் சங்கத்தின் குளிர்விக்கும் தொட்டி, ஆரம்ப சுகாதார நிலையத்தின் தடுப்பூசிக் குளிர்ப்பெட்டி, விளைபொருளைக் காக்கும் குளிர்பதனக் கிடங்கு ஆகிய மூன்றும் இன்று கிராம வாழ்வோடு இணைந்துவிட்டன. இவற்றில் ஏதேனும் ஒன்று திடீரெனப் பழுதாகும்போது, “இன்றைக்கு எப்படியாவது ஓட்டிவிடுங்கள், பிறகு பார்த்துக் கொள்ளலாம்” என்று கூறுவது நம்மிடையே வழக்கம். அவசரத்தில் செய்யும் தற்காலிகச் சீரமைப்பு எந்த அளவுக்கு நியாயமானது, எந்த எல்லையைத் தாண்டினால் தவறாகிறது என்பதை நாம் இங்கே ஆராய்வோம்.

இயந்திரம் வேலை செய்யும் முறை

குளிர்விக்கும் இயந்திரம் பாலிலுள்ள வெப்பத்தை எடுத்து வெளிக் காற்றில் விடுகிறது. அடைபட்ட குழாய்களுக்குள் ஒரு திரவம் சுற்றிக்கொண்டே இருக்கிறது. அது தொட்டியின் அடியில் ஆவியாகும்போது பாலின் வெப்பத்தைக் கவர்ந்துகொள்கிறது. கம்ப்ரஸர் அந்த ஆவியை அழுத்தி, கண்டென்ஸர் என்னும் குழாய்ச் சுருளுக்கு அனுப்புகிறது. அங்கே விசிறிக் காற்றுப் பட்டு வெப்பம் வெளியேற, ஆவி மீண்டும் திரவமாகிறது. அழுத்தம் அளவுக்கு மேல் ஏறினால் இயந்திரத்தைத் தானாக நிறுத்துவதற்கு ஒரு காவல் சுவிட்சும் உண்டு.

ஒரே பழுது, இரண்டு வழிகள்

மாலைப் பால் தொட்டியில் ஊற்றியாகிவிட்டது. கண்டென்ஸர் விசிறியின் மோட்டார் எரிந்துவிட்டது என்று வைத்துக்கொள்வோம். வெப்பம் வெளியேற வழியின்றி அழுத்தம் ஏறுகிறது. காவல் சுவிட்சு இயந்திரத்தை நிறுத்திவிடுகிறது. கறந்த பாலின் வெப்பம் ஏறக்குறைய 37 டிகிரி சென்டிகிரேடு. அதை விரைவில் 4 டிகிரிக்கு இறக்காவிட்டால், நம் நாட்டு வெயிலில் சில மணி நேரத்திலேயே கெட்டுவிடும். ஊராரின் ஒரு வேளை உழைப்பு அந்தத் தொட்டியில் இருக்கிறது.

ஒரு மெக்கானிக் காவல் சுவிட்சின் இரு முனைகளையும் ஒரு கம்பித் துண்டால் இணைத்துவிடுகிறார். இயந்திரம் ஓடுகிறது, அனைவரும் அவரைப் பாராட்டுகின்றனர். மற்றொருவர் சுவிட்சைத் தொடுவதில்லை. வேறொரு பெரிய விசிறியைக் கொண்டுவந்து கண்டென்ஸரின் முன் நிறுத்துகிறார். “இது இன்றிரவுக்கு மட்டுமே. அரை மணிக்கு ஒரு முறை வெப்பமானியைப் பாருங்கள். இயந்திரம் மறுபடியும் நின்றால் பாலை உடனே குளிரூட்டும் நிலையத்துக்கு அனுப்பிவிடுங்கள். நாளை புது மோட்டார் பொருத்த வேண்டும்” என்று செயலாளரிடம் சொல்லிச் செல்கிறார்.

மறுநாள் காலையில் இருவர் கைபட்ட பாலும் ஒரே விதமாகக் குளிர்ந்திருக்கக்கூடும். ஆயினும் முதலாமவர் வைத்த கம்பி அங்கேயே இருக்கும். அதை அறிந்தவர் அவர் ஒருவரே. பிறிதொரு நாள் அழுத்தம் ஏறும்போது தடுப்பதற்கு ஒன்றும் இராது. கம்ப்ரஸர் எரிந்து போகலாம். குழாய் வெடித்து அருகில் நிற்பவருக்குக் காயம் நேரலாம்.

மூன்று கேள்விகள்

இவ்வுதாரணத்திலிருந்து மூன்று கேள்விகளை நாம் வகுத்துக்கொள்ளலாம். முதலாவது, உயிரையும் உடைமையையும் காக்கும் சாதனம் எதையேனும் செயலற்றதாக்கினோமா? இரண்டாவது, இயந்திரத்தை நம்பியிருப்போருக்கு உண்மையைத் தெரிவித்தோமா? மூன்றாவது, இந்த ஏற்பாடு என்று முடியும் என்று நாள் குறித்தோமா? இம்மூன்றிற்கும் நேர்மையான விடை இருந்தால் தற்காலிகச் சீரமைப்பு நற்பணியேயாகும். ஒன்று தவறினாலும் அது பிறர் தலையில் ஆபத்தை ஏற்றிவைப்பதாகும்.

அம்மோனியாவால் இயங்கும் குளிர்பதனக் கிடங்குகளில் முதற் கேள்வி மிக முக்கியமானது. அம்மோனியா கண்ணையும் மூச்சையும் தாக்கும் நச்சு வாயு. அங்கே கசியும் பாதுகாப்பு வால்வை அடைத்துவிட்டு ஓட்டுவது எந்த அவசரத்திலும் ஏற்கத்தக்கதன்று.

ஓட்டைக் குடத்தில் நீர்

“கேஸ் குறைந்துவிட்டது, நிரப்பினால் போதும்” என்று சொல்வதுண்டு. குழாய்க்குள் சுற்றும் வாயு மண்ணெண்ணெய் போல எரிந்து தீர்வதன்று. அது குறைந்தால் எங்கோ கசிவு இருக்கிறது என்பதே பொருள். கசிவை அடைக்காமல் வாயுவை நிரப்புவது ஓட்டைக் குடத்தில் நீர் வார்ப்பதாகும். சங்கம் அதே செலவைத் திரும்பத் திரும்பச் செய்ய நேரிடும்.

இதனால் ஊருக்கு வெளியேயும் தீங்கு உண்டு. பழைய இயந்திரங்கள் பலவற்றிலுள்ள ஆர்-22 என்னும் வாயு ஓசோன் படலத்தைக் கெடுக்கிறது. அதில் ஒரு கிலோ வெளியேறினால், நூறாண்டுக் கணக்கில் ஏறத்தாழ 1,800 கிலோ கரியமில வாயுவுக்குச் சமமான வெப்பத்தை உலகில் தேக்குகிறது. ஓசோன் படலத்தைக் காக்க 1987-ஆம் ஆண்டு ஏற்பட்ட மாண்ட்ரியல் உடன்பாட்டில் இந்தியா 1992-ஆம் ஆண்டு சேர்ந்தது. அதன்படி 2030-ஆம் ஆண்டுக்குள் இவ்வகை வாயுக்களின் உபயோகத்தை ஏறக்குறைய முழுவதுமாக நிறுத்த வேண்டும்.

குளிர்ந்தால் மட்டும் போதுமா?

தடுப்பூசி மருந்துகளைக் குளிர்ப்பெட்டியில் 2 முதல் 8 டிகிரிக்குள் வைக்க வேண்டும். வெப்பநிலையைக் கட்டுப்படுத்தும் சாதனம் கெட்டபோது அதை விலக்கிவிட்டு நேரடியாக மின்சாரம் கொடுத்தால், பெட்டி நிற்காமல் ஓடும். தொட்டுப் பார்ப்பவருக்கு நன்றாகக் குளிர்வதாகவே தோன்றும். ஆனால் ரணஜன்னி, கக்குவான் முதலிய நோய்களுக்கான தடுப்பு மருந்துகள் உறைந்துவிட்டால் வீரியம் இழக்கின்றன. ஊசி போட்ட குழந்தைக்குப் பாதுகாப்பு இராது. தாயோ பாதுகாப்பு உண்டு என்று நம்பியிருப்பாள். இத்தகைய நேரத்தில் மருந்தை உரிய முறைப்படி குளிர்காப்புப் பெட்டிக்கு மாற்றி, நல்ல நிலையிலுள்ள வேறு நிலையத்துக்கு அனுப்புவதே சரியான தற்காலிக ஏற்பாடாகும்.

பொறுப்பு யாருடையது?

பழி முழுவதையும் மெக்கானிக்கின் மீது சுமத்துவது நியாயமாகாது. புது உறுப்பு வேண்டும் என்று அவர் எழுதிக் கொடுத்த பிறகு, செலவுக்கு அனுமதி தராமல் மாதக்கணக்கில் தள்ளிப்போடுபவர்களும் அக்குற்றத்தில் பங்குடையவர்களே. நிரந்தரப் பணிக்குப் பணம் தராமல், தற்காலிகப் பணியைக் குறைகூறுவதில் பயன் இல்லை.

ஆகவே நிர்வாகப் பொறுப்பிலுள்ளவர்கள் இரண்டு ஏற்பாடுகளை உடனே செய்யலாம். பழுதுபார்ப்புக்கென ஒரு தொகையை முன்கூட்டியே தீர்மானத்தின் மூலம் ஒதுக்கி வைக்கலாம். தற்காலிகச் சீரமைப்பு நடந்ததும் இயந்திரத்தின் மீது ஓர் அட்டையைக் கட்டித் தொங்கவிடலாம். பழுது யாது, செய்தது யாது, செய்தவர் யார், நிரந்தரமாகச் சரிசெய்ய வேண்டிய நாள் எது என்ற நான்கு விவரங்களும் அதில் தமிழில் எழுதப்பட்டிருக்க வேண்டும். பால் ஊற்ற வரும் விவசாயி அதைப் படித்து, குறித்த நாள் கடந்திருந்தால் காரணம் கேட்கலாம். அவ்வாறு கேட்பது அவருடைய உரிமை; விடை கூறுவது நிர்வாகத்தின் கடமை.