மேசைமேல் புள்ளலூர்: போர் விளையாட்டின் விதிகளைப் படிப்பதும் மாற்றுவதும்



விடுமுறையில் பிள்ளைகளை வைத்து வீட்டிலேயே செய்யக்கூடியதாக ஏதாவது எழுதும்படி ஆசிரியர் கேட்டிருந்தார். முப்பத்தைந்து வருடம் இரயில்வேயில் தண்டவாளத்தையும் சிக்னலையும் கட்டி அழுதவனுக்கு எழுதத் தெரிந்தது விதிகளைப் பற்றித்தான். ஆகவே விளையாட்டு விதிகளைப் பற்றி எழுதுகிறேன்.

ஓய்வுக்குப் பிறகு நான் காந்தலூரில் குடியேறிவிட்டது நம் சங்கத்து நண்பர்கள் பலருக்குத் தெரியும். இராசராச சோழன் கலமறுத்த காந்தளூர்ச் சாலை இதுதானா என்று இன்னமும் கடிதத்தில் கேட்கிறார்கள். அன்று. அது திருவனந்தபுரம் பக்கம் என்பதே அறிஞர் பெரும்பாலோர் கருத்து. இது இடுக்கி மாவட்டத்தில் மறையூருக்கு மேலே, அஞ்சுநாட்டு ஊர்களில் ஒன்று. பூண்டும் பீன்ஸும் விளைகிற மலை. வீட்டிலும் கடையிலும் தமிழ், அலுவலகக் காகிதத்தில் மலையாளம்.

மே மாதம் பேரனும் பேத்தியும் வளைகுடாவிலிருந்து வருவார்கள். மழை பிடித்துக்கொண்டால் மின்சாரம் போய்விடும். அப்படி ஒரு மாலையில் பக்கத்து வீட்டுப் பையனோடு ஆடுபுலி ஆட்டம் போட்டார்கள். பத்து நிமிடத்தில் சண்டை. மூன்று புலி, பதினைந்து ஆடு, இருபத்து மூன்று புள்ளி என்பதில் தகராறு இல்லை. ஆடுகள் எல்லாம் இறங்கி முடியும் முன்பே ஓர் ஆட்டை நகர்த்தலாமா, எத்தனை ஆடு வெட்டுப்பட்டால் ஆட்டம் முடியும் என்பதில்தான் தகராறு. இவை ஊருக்கு ஊர் மாறும். பேத்தி அவள் பாட்டி சொல்லிக் கொடுத்தபடி ஆடினாள், பையன் இந்த ஊர் வழக்கப்படி ஆடினான். இருவர் சொன்னதும் சரி. ஆட்டத்துக்கு முன்னால் கேட்டுக்கொள்ளாததுதான் தப்பு.

அன்றைக்குத்தான் பழைய ஆசை ஒன்று கிளம்பியது. பொம்மைப் படைகளை மேசையில் நிறுத்தி, நடந்த போர் ஒன்றை விதிப்படி மறுபடி ஆடிப் பார்க்கும் விளையாட்டு மேல்நாடுகளில் உண்டு. பிரஷ்ய ராணுவத்தில் ரைஸ்விட்ஸ் என்ற இளம் அதிகாரி 1824-ல் இதற்கு ஒரு விதிப்புத்தகமே வெளியிட்டார். அவர் தந்தை தொடங்கியதை அவர் முடித்தார். 1:8000 அளவுள்ள நிலப்படம், பகடை, இரு தரப்புக்கும் நடுவில் ஒரு நடுவர். ஒரு முறை என்பது இரண்டு நிமிடப் போர். பின்னால் விதிகள் பெருகிப் பெருகி ஆட்டமே நகராமல் போனபோது, 1876-ல் வெர்டி து வெர்னுவா என்பவர் அட்டவணைகளைக் குறைத்து நடுவரின் அனுபவத்துக்கே தீர்ப்பை விடலாம் என்று எழுதினார். பிள்ளைகளுக்கான வழியைக் காட்டியவர் எச். ஜி. வெல்ஸ். 1913-ல் அவர் எழுதிய சிறு புத்தகத்தில் காலாள் ஒரு முறைக்கு ஓரடி, குதிரை இரண்டடி. சுருள்வில் வைத்த பொம்மைப் பீரங்கியால் மரக்குச்சியைச் சுட்டு ஆளைச் சாய்க்க வேண்டும். அவ்வளவுதான்.

எங்கள் மேசைக்கு நான் எடுத்துக்கொண்ட போர் புள்ளலூர். காஞ்சிபுரத்துக்கு வடகிழக்கே உள்ள கிராமம். பல்லவ மகேந்திரவர்மன் பகைவரை வென்ற இடமாகக் காசக்குடிச் செப்பேட்டில் வருவதும் இந்தப் பெயர்தான். நான் சொல்வது அதற்கு ஆயிரத்து நூறு வருடத்துக்கு மேல் கழித்து, 1780 செப்டம்பர் 10-ல் நடந்தது. கர்னல் பெய்லியின் கம்பெனிப் படை வடக்கேயிருந்து காஞ்சிபுரத்தில் இருந்த ஹெக்டர் மன்றோவோடு சேர வந்துகொண்டிருந்தது. (நம் ஊர்களில் பெயர் விளங்கும் தாமஸ் மன்றோ வேறு ஆள்.) மன்றோ அனுப்பிய பிளெட்சரின் ஆயிரம் பேரையும் சேர்த்துப் பெய்லியிடம் சுமார் 3,800 பேர். வழியில் ஐதர் அலியும் திப்புவும் வளைத்துக்கொண்டார்கள். வெடிமருந்து வண்டிகள் வெடித்தன. பெய்லி சரணடைந்தார், 1782-ல் ஸ்ரீரங்கப்பட்டணத்துச் சிறையிலேயே இறந்தார். சில மணி நேர நடைத் தூரத்தில் இருந்த மன்றோ வந்து சேரவேயில்லை. கனமான பீரங்கிகளைக் காஞ்சிபுரத்துக் கோயில் குளத்தில் தள்ளிவிட்டுச் சென்னைப் பக்கம் பின்வாங்கினார். ஸ்ரீரங்கப்பட்டணத்துத் தரியா தௌலத் மாளிகைச் சுவரில் இந்தப் போர் ஓவியமாக இருக்கிறது. போனால் பிள்ளைகளுக்குக் காட்டுங்கள்.

இனி கணக்கு. மேசை ஆறடிக்கு நாலடி. ஓர் அங்குலம் ஐம்பது கஜம் என்று வைத்தால் ஆறடி என்பது 3,600 கஜம், இரண்டு மைலுக்குச் சற்று அதிகம். போர் நடந்த இடம் அதில் அடங்கும். ஒரு காய்க்கு ஐம்பது பேர் என்றால் பெய்லிக்கு 76 காய். ஐதர் படையின் எண்ணிக்கையில் நூல்கள் ஒத்துப்போவதில்லை. நான் மூன்று மடங்கு காய் கொடுத்தேன். பொம்மை வாங்க வேண்டியதில்லை. சிப்பாய்க்குப் புளியங்கொட்டை, வெள்ளைக்காரச் சோல்ஜருக்கு மஞ்சாடி, குதிரைக்குப் பீன்ஸ் விதை, பீரங்கிக்குத் தீக்குச்சி. புளியங்கொட்டைகளை நாலு நாலாக அட்டையில் ஒட்டிவிடுங்கள், இல்லாவிட்டால் உருண்டோடும்.

நடை வேகத்தைப் புத்தகத்தில் தேட வேண்டாம், கணக்கிடலாம். அக்காலப் படைநடை நிமிடத்துக்கு 75 அடிவைப்பு, ஒவ்வொன்றும் இரண்டரை அடி. நிமிடத்துக்கு 62½ கஜம். ஒரு முறையை நாலு நிமிடம் என்று கொண்டால் 250 கஜம், மேசையில் ஐந்து அங்குலம். அணிவகுத்துச் சுட்டுக்கொண்டே போனால் அதில் பாதி. துப்பாக்கி நூறு கஜத்துக்கு மேல் பயனில்லை, ஆக இரண்டு அங்குலம். நீங்கள் எந்தப் போரை எடுத்தாலும் இந்த மூன்று அளவுகளை, அதாவது நிலம், ஆள், நேரம், முதலில் முடிவு செய்யுங்கள். ஒன்றை மாற்றினால் மற்றது இடிக்கும். நான் முதலில் நேரத்தை மறந்துவிட்டு, குதிரைப்படை ஒரே முறையில் மேசையைத் தாண்டிப் போய்விட்டது.

இப்போது விஷயத்துக்கு வருகிறேன். நண்பர் ஒருவர் கொடுத்த ஆங்கில விதிப்புத்தகத்தின் நகலை வைத்து முதல் நாலு ஆட்டம் ஆடினோம். நாலிலும் பெய்லி வென்றார்! காரணம் தேடினால், அது ஐரோப்பிய யுத்தங்களுக்காக எழுதப்பட்டது. பயிற்சி பெற்ற காலாளுக்கு எதிலும் கூடுதல் மதிப்பு, மற்றவர்களுக்கு எதிலும் குறைவு. மருந்து தீர்வதே இல்லை. வண்டி வெடிப்பதே இல்லை. மன்றோ ஐந்தாவது முறையில் தானாக வந்துவிடுகிறார்.

எல்லா விதியையும் தூக்கிப் போட்டுவிடலாமா? கூடாது. இரயில்வேயில் ஒரு முறை உண்டு. ஜெனரல் ரூல்ஸ் நாடு முழுமைக்கும் பொது. அதன் கீழ் ஒவ்வொரு மண்டலமும் தனக்கு வேண்டிய துணை விதிகளைச் சேர்த்துக்கொள்ளும், ஆனால் அவை பொது விதிக்கு முரணாகக் கூடாது. அதற்கும் கீழே ஒவ்வொரு ஸ்டேஷனுக்கும் தனி வேலை விதிகள். அந்தப் பாயிண்ட், அந்தச் சரிவு, அந்த லெவல் கிராசிங் பற்றியவை அதில் இருக்கும். இதையே மேசைக்குக் கொண்டுவந்தேன். நகர்வதும் சுடுவதும் பொது விதி, அதைத் தொடவில்லை. ராக்கெட், மாட்டுவண்டி, மைசூர்க் குதிரை ஆகியவை துணை விதி. மன்றோவும் வெடிமருந்தும் இந்த ஒரு போருக்கு மட்டுமான ஸ்டேஷன் விதி. வேறு போர் ஆடும்போது அந்தக் கடைசித் தாளை மட்டும் எடுத்துவிடலாம்.

திப்புவின் ராக்கெட்டுகள் இரும்புக் குழாயில் மருந்து அடைத்தவை. வெகுதூரம் போகும், ஆனால் குறி நிச்சயமில்லை. ஆகவே தூரம் நீங்கள் சொல்லுங்கள், திசையைப் பகடை சொல்லட்டும். மாடுகளுக்கு இரண்டு அங்குலத்துக்குள் விழுந்தால் அவை ஒரு முறை நகராது. பீரங்கியை இழுத்ததும் மாடுகள்தான் என்பதை மறவாதீர்கள்.

வெடிமருந்து வண்டிக்கு நான் முதலில் போட்ட விதி: அருகில் குண்டு விழும்போதெல்லாம் ஒரு பகடை, ஆறு விழுந்தால் வண்டி வெடிக்கும். அடுத்த மூன்று ஆட்டத்திலும் ஐதர் வென்றார், எனக்குப் பரம திருப்தி. பேரன் மட்டும் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டான்.

"தாத்தா, யார் ஜெயிக்கணும்னு நீங்க முன்னாடியே முடிவு பண்ணிட்டு அப்புறம் விதி போடுறீங்க."

பன்னிரண்டு வயதுப் பையன். எனக்குச் சுருக்கென்றது. அன்றிரவு உட்கார்ந்து கணக்குப் போட்டேன். ஒரு பகடையில் ஆறு விழும் வாய்ப்பு ஆறில் ஒன்று. நாலு தடவை உருட்டினாலே வெடிக்கும் வாய்ப்பு பாதிக்கு மேல் போய்விடுகிறது. பெய்லியாக ஆடுகிறவன் செய்வதற்கு என்ன இருக்கிறது? இரண்டு பகடை, இரண்டிலும் ஆறு என்றால் முப்பத்தாறில் ஒன்று. முப்பது தடவை உருட்டினாலும் நூற்றுக்கு 57 தான். வண்டியை மரத்தோப்புக்குப் பின்னால் ஒதுக்கினால் தப்பலாம், நடுவெளியில் விட்டால் போகும். நடந்தது மறுபடி நடக்கக்கூடியதாக இருக்க வேண்டும், நடந்தே தீர வேண்டும் என்று விதி சொல்லக்கூடாது. மறுநாள் காலை பேரனிடம் விதியை மாற்றியதாகச் சொன்னேன். நோட்டில் தேதி போட்டு அவனே எழுதினான்.

சந்தேகம் வந்தால்? மங்கிய, சரியாகத் தெரியாத சிக்னலை அது காட்டக்கூடிய அறிகுறிகளில் மிகக் கண்டிப்பானதாகவே டிரைவர் கொள்ள வேண்டும் என்பது எங்கள் பாடம். எங்கள் மேசையிலும் அப்படியே. விதி தெளிவில்லாத இடத்தில் எவன் சலுகை கேட்கிறானோ அவனுக்கு எதிராகத் தீர்ப்பு. ஆட்டம் முடிந்தபின் பேசி நோட்டில் எழுதிவிடுவது. இந்த நோட்டு மிக முக்கியம். எழுதாத தீர்ப்பு அடுத்த நாள் சண்டையாக வரும்.

மன்றோவுக்கு வருவோம். அவரை ஆடுகிறவர் மேசையைப் பார்க்கக்கூடாது. அடுத்த அறையில் ஒரு நிலப்படத்தோடு உட்கார வேண்டும். பெய்லிக்கும் அவருக்கும் பேச்சு சீட்டு மூலம், நடுவர் கைவழியாக. சீட்டு தமிழில்தான் எழுத வேண்டும் என்பது என் வீட்டுத் துணை விதி. எழுதியதை மட்டும்தான் பெற்றவர் செய்யலாம், நினைத்ததை அல்ல.

போருக்கு முந்தைய நாட்களை நிலப்படத்தில் ஆடியபோது பேத்தி மன்றோ, பேரன் பெய்லி. உண்மையில் ஆகஸ்ட் 25-ல் பெய்லி கொற்றலையாற்றின் வடகரையில் கூடாரம் அடித்தார். அன்றைக்குக் கடந்திருக்கலாம். இரவில் வெள்ளம் வந்து, செப்டம்பர் தொடக்கம் வரை அங்கேயே கிடந்தார். பேத்தி, படத்தில் வடகரையில் நான் வரைந்திருந்த ஏரியை நம்பி, 'ஏரிக் கரையில் நில்' என்று எழுத நினைத்தாள். எழுதியது 'ஏறிக் கரையில் நில்'. பேரன் சீட்டை இரண்டு தடவை படித்தான். ஆற்றில் இறங்கி, அக்கரை ஏறி நின்றான். அன்றிரவு நான் வெள்ளத்துக்குப் பகடை உருட்டினேன், வெள்ளம் வந்தது. பெய்லி அதற்குள் தென்கரையில்! ஐதராக ஆடிய பக்கத்து வீட்டுப் பையன், அவன் தமிழ் மீடியத்தில் படிப்பவன், சீட்டை வாங்கிப் பார்த்துவிட்டு, "இது எழுத்துப்பிழை, செல்லாது" என்று தகராறு செய்தான். நோட்டைப் புரட்டினோம். 'எழுதியதை மட்டும்' என்று அவன் கையெழுத்திலேயே இருந்தது.

அந்த ஆட்டத்தில் பெய்லி மூன்று நாள் முன்னதாகவே காஞ்சிபுரம் போய்ச் சேர்ந்தார், புள்ளலூரில் போரே நடக்கவில்லை. பேத்திக்கு வல்லின றகரம் அதற்குப் பிறகு தவறவில்லை. ஐதரின் பையனோ இரண்டு நாள் எங்கள் வீட்டுப் பக்கம் வரவில்லை. மூன்றாம் நாள் வந்து, சீட்டில் பிழை இருந்தால் நடுவர் திருப்பி அனுப்பலாமா என்று ஒரு புதுத் துணை விதி கேட்டான். இன்னும் நோட்டில் ஏறவில்லை. வாக்கெடுப்பு அடுத்த மே மாதம்.